படத்தை விற்ற பிறகு கையில் என்ன மிச்சம்?

தன் படைப்பைத் தானே விற்கும் ஓவியருக்கு இன்றைக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. நாள் தவறாமல் ரீல்ஸ் போடுங்கள், வரைவதைப் படம்பிடித்துக் காட்டுங்கள், ஒரே பாணியைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள், ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சிறிய படம் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும் என்று யூடியூபில் மணிக்கணக்கில் பாடம் நடக்கிறது. இவற்றில் பெரிய தவறு ஒன்றுமில்லை. ஆளே தெரியாத ஓவியரிடம் யாரும் படம் வாங்குவதில்லை. ஆனால் இந்தப் பாடங்கள் எல்லாமே வாங்குபவரை வாசல்வரை அழைத்துவருவதோடு நின்றுவிடுகின்றன. வந்தவரிடம் எதைக் கொடுத்தோம், எதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டோம் என்ற கேள்வி எழுவதே இல்லை. கலைஞரின் வாழ்வை நெடுங்காலத்துக்குத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான் என்பது என் வாதம். ஒரு ஓவியத்தில் விற்கத்தக்கவை பல இருக்கின்றன: துணியும் வண்ணமுமான அந்தப் பொருள், அதை மறுபடி மறுபடி அச்சிடும் உரிமை, அடுத்த படம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம். முதலாவதை விற்றுத்தான் பிழைக்க முடியும். மற்ற இரண்டையும் பெரும்பாலான கலைஞர்கள், விற்றோம் என்பதே தெரியாமல் விற்றுவிடுகிறார்கள்.

விலை பேசுவதே கலைஞருக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுக்குப் பாரதியே போதுமான பதில். 1920இல் அவர் தம் எழுத்துகளை 40 நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படி அச்சிட்டு, மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போல ஊரெங்கும் பரப்பி விற்கத் திட்டம் தீட்டினார். விலை என்ன, லாபம் எவ்வளவு, கடன் கொடுப்பவருக்கு மாத வட்டி என்ன என்றெல்லாம் கணக்குப் போட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரும் இல்லை. அந்தத் திட்டம் தோற்றதைப் பேசுகிற நாம், பிறகு நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒரு வணிகர் கைக்குப் போனது, அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1949இல் அரசு தலையிட்டு உரிமைகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. புத்தகத்துக்கு முதல் போட ஆள் கிடைக்காத கவிஞரின் பாட்டு, உரிமைச் சந்தையில் கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

பொருளையும் உரிமையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஓவியர் ஒருவர் அதற்கு முன்பே இருந்தார். ரவிவர்மா மன்னர்களுக்கும் திவான்களுக்கும் எண்ணெய் வண்ணப் படங்கள் வரைந்து பேர் பெற்றவர். அதே படங்களை வண்ண அச்சில் பெருக்கினால் அரண்மனைக்கு வெளியே உள்ள வீடுகளுக்கும் போகும் என்ற யோசனையை முதலில் சொன்னவர் திவான் டி. மாதவராவ். ரவிவர்மா ஒரு படி மேலே போய், 1894இல் பம்பாயில் சொந்தமாக அச்சகமே தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்தவர்களும் வந்தார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் அச்சுத்தாளில் ஏறி எளிய வீட்டுப் பூஜையறைக்குள் நுழைந்தது அப்படித்தான். ஆனால் அச்சகம் கடனில் தத்தளித்தது. பம்பாயில் பிளேக் பரவியபோது லோனாவ்லாவுக்கு அருகே மலவ்லிக்கு இடம் மாறியது. கடைசியில் அங்கே பணியாற்றிய ஜெர்மானியரான ஷ்லெய்ஷரிடமே அச்சகத்தை விற்க வேண்டிவந்தது. படங்களை அச்சிடும் உரிமையும் அதோடு போயிற்று. புதியவர் கையில் அது பல பத்தாண்டுகள் ஓடியது. கலைஞருக்கு வியாபாரம் சரிப்படாது என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்க ஆள் இல்லாமல் அச்சகம் நொடித்திருந்தால், அடுத்தவர் கையில் எப்படிப் பிழைத்திருக்கும்? ரவிவர்மாவின் சந்தைக் கணிப்பு சரியாகவே இருந்தது. இயந்திரம், காகிதம், கூலி, வட்டி என்று தனக்குக் கைவராத தொழிலின் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டதும், அதிலிருந்து தப்ப, கைவந்த தொழிலின் பலனைச் சேர்த்துக் கொடுத்ததும்தான் இழப்பு. நிலத்தை வைத்துக்கொண்டு குத்தகைக்கு விட்டவருக்கு அடுத்த போகம் உண்டு; கிரயம் எழுதிக் கொடுத்தவருக்கு இல்லை.

தமிழ்நாட்டில் இதன் இன்னொரு வடிவம் கோவில்பட்டியில் நடந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைபவராக வந்து அந்த ஊரிலேயே தங்கினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகி, மளிகைக் கடையிலிருந்து மருத்துவமனை வரை தொங்கினார்கள். தமிழர்களின் கண்ணில் இவ்வளவு ஆழமாகப் பதிந்த ஓவியங்கள் வேறு எவையும் இல்லை என்றே சொல்லலாம். இந்தத் தொழிலில் ஏற்பாடு எளிமையானது: ஓவியர் படத்தைக் கொடுப்பார், அச்சகத்தார் ஒருமுறை பணம் கொடுப்பார், அத்தோடு கணக்கு முடிந்தது. அதே படம் எத்தனை ஆண்டுகள், எத்தனை நிறுவனங்களின் பெயர் தாங்கி அச்சானாலும் ஓவியருக்கு அதில் பங்கில்லை. ஏமாற்று என்று இதைச் சொல்ல மாட்டேன். அன்றைய வழக்கம் அது. இரு தரப்பும் மனமொப்பிச் செய்தது. ஆனால் அந்த வழக்கத்தில் ஓவியரிடம் சேமிப்பாக எதுவும் தங்குவதில்லை. நாளைக்கு வருமானம் வேண்டுமானால் நாளைக்கும் வரைய வேண்டும். சினிமா பேனர் ஓவியர்களுக்கும் இதே கதைதான். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்கி அண்ணாசாலையின் வானத்தையே நிறைத்தவர்கள், பிளக்ஸ் அச்சு வந்ததும் சில ஆண்டுகளுக்குள் வேலை இழந்தார்கள். அவர்களுடைய முந்தைய உழைப்பிலிருந்து ஒரு ரூபாய்கூட வருவதற்கு வழியில்லை.

அது பழைய காலம் என்று தள்ளிவிட முடியாது. இன்றைய சட்டமும் அந்த வழக்கத்துக்கு மிகப் பக்கத்திலேயே நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், படைப்பாளியே தன் படைப்பின் முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. தொடங்கியதும் விலக்குகளை அடுக்குகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து, ஓர் ஓவியம் வரையப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டவரே முதல் உரிமையாளர். ஓர் ஓவியர் தன் விருப்பத்தில் ஜல்லிக்கட்டுப் படம் ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார். உணவகம் நடத்துபவர் அதைப் பார்த்து வாங்குகிறார். உணவகத்துக்குக் கிடைப்பது அந்த கான்வாஸ் மட்டும். மெனு அட்டையிலோ பார்சல் பையிலோ அச்சிட வேண்டுமானால் ஓவியரைக் கேட்டாக வேண்டும். அதே உணவகக்காரர் முன்பணம் கொடுத்து, ‘எனக்கு ஒரு ஜல்லிக்கட்டுப் படம் வரைந்து தாருங்கள்’ என்று சொல்லியிருந்தால், எழுத்தில் எதுவும் இல்லாதபோது, பதிப்புரிமை அவருடையது. எத்தனை கிளைகளில் எத்தனை பைகளில் அச்சிட்டாலும் ஓவியர் கேட்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த விலக்கில் ஓவியம், உருவப்படம், புகைப்படம் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன, சிற்பம் வரவில்லை. ஓவியருக்கு இல்லாத பாதுகாப்பு சிற்பிக்கு ஏன் கிடைத்தது என்பது சட்டம் எழுதியவர்களுக்கே வெளிச்சம்.

ஆனால் ‘வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்’ என்ற சொற்களில்தான் ஓவியருக்கு வழி இருக்கிறது. முன்பணம் வாங்கும் முன், பதிப்புரிமை வரைபவரிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டால் நிலைமை தலைகீழாகிறது. உரிமையைக் கொடுத்தாலும் எல்லையோடு கொடுக்கலாம். பதிப்புரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு; எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள், எந்த நாட்டில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று அதுவே வரம்பும் கட்டுகிறது. ஓவியர் வாழும் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும் சொத்து இது. பேரப்பிள்ளைகள் வரை போகக்கூடியதை ஒரு வாட்ஸ்அப் செய்தியின் ‘ஓகே சார்’ தீர்மானிக்க விடுவது நியாயமில்லை. முழுவதும் விற்றுவிட்டாலும் விற்க முடியாத ஒன்றையும் சட்டம் ஓவியரிடமே விட்டுவைக்கிறது: படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் மதிப்புக்குக் கேடாக அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் உள்ள உரிமை. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்திருந்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சேதமானது. அரசே செய்யச் சொல்லிப் பணம் கொடுத்த வேலை அது. ஆனாலும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது.

உரிமையைவிடக் காப்பாற்றக் கடினமானது, அடுத்த படத்தைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம். இதற்குச் சட்டம் உதவாது. வருமானத்தை எப்படி அமைத்துக்கொள்கிறோம் என்பதுதான் உதவும். சோழமண்டலம் அமைத்த விதம் இதில் இன்றும் படிக்கத்தக்க பாடம். 1960களின் தொடக்கத்தில் சென்னை ஓவியக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரு கவலை இருந்தது. தன்னிடம் படித்து வெளியேறும் திறமைசாலிகள், நவீன ஓவியத்துக்கு வாங்குவோர் இல்லாத நகரத்தில், வேறு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள். வாங்குவோர் மனம் மாறும் வரை காத்திருப்பதில் பயனில்லை. அதே சமயம், ஓவியம் வாங்கத் தயங்கும் குடும்பம் பத்திக் துணியையும் உலோகத்தில் செய்த அழகுப் பொருளையும் தயங்காமல் வாங்கும். எனவே ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பத்திக் முதலியவற்றைச் செய்து, கண்காட்சி வைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஊருக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. வீடும் பட்டறையும் காட்சிக்கூடமும் அவர்களுடையவை. விளம்பரத்துக்கும் அவர்கள் வெளியாளை நம்பவில்லை; பணிக்கரின் முயற்சியில் 1961இலேயே ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற இதழ் தொடங்கி, தங்கள் கலை என்ன செய்கிறது என்பதைத் தாங்களே எழுதி விளக்கினார்கள்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது, சந்தையின் ரசனைக்கு அவர்கள் எங்கே இடம் கொடுத்தார்கள் என்பது. பத்திக்கில் வாங்குபவரின் விருப்பத்துக்கு வளைந்தார்கள். வளைந்ததால் ஓவியத்தில் வளைய வேண்டிய தேவை ஏற்படவில்லை. அதே ஆண்டுகளில்தான் பணிக்கர், எழுத்துகளும் எண்களும் ஜாதகக் கட்டங்களும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை வரைந்துகொண்டிருந்தார். வரவேற்பறைச் சுவருக்கு ஏற்றது என்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கைவினையில் கழியும் நேரம் கலையிலிருந்து திருடப்பட்ட நேரம்தானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை, ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணி நேரம்தான். ஆனால் வேறு வழியாக இருந்தது அலுவலக வேலை. அது கையை மரக்கச் செய்யும். பத்திக்கும் உலோக வேலையும் கையைப் பழக்கத்திலேயே வைத்திருந்தன. சோழமண்டலத்துச் சிற்பி எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களைப் பார்ப்பவருக்கு, கைவினையாளரின் தகடும் பற்றவைப்பும் கலைக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பது தெரியும். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலம் வாங்க எந்தப் பத்திக்காலும் முடியாது என்பதும் உண்மை. பணிக்கரைப் போன்ற ஒருவரின் செல்வாக்கும் எல்லாக் கூட்டத்துக்கும் வாய்க்காது. நிலமும் தலைவரும் இல்லாவிட்டாலும் அந்தப் பிரிவினை இன்றும் செல்லுபடியாகும். பிறந்தநாள் பரிசுக்குப் பென்சில் உருவப்படம், புத்தக அட்டை, பள்ளிச் சுவர் என்று வருமானத்துக்கு ஒரு வரிசை; யாரும் கேட்காத படங்களுக்கு ஒரு வரிசை. இரண்டையும் ஒரே இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கலந்து போடுவதைத் தவிர்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஏனென்றால் சமூக ஊடகம் இந்தப் பிரிவினையைத்தான் முதலில் அழிக்கிறது. ஒரு படம் ஓடிவிட்டால், அதே போன்ற இன்னொன்றைக் கேட்பது வாங்குபவர்கூட இல்லை. பார்த்துவிட்டு இதயக்குறி போடும் கூட்டம். காசு கொடுக்காதவர்களின் ரசனைக்கு வளைவது சோழமண்டலம் செய்ததைவிட மோசமான பேரம். ஒரே பாணியில் நிற்பது பாவமா என்ற கேள்வி வரும். இல்லை. ஜாமினி ராய் தன் பாணியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கல்கத்தாவில் குடும்பத்தாரும் உதவியாளர்களும் சேர்ந்து பட்டறையாகவே நடத்தினார். சாதாரண மக்கள் வாங்கும் விலையில் விற்றார். அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. கிராமத்து நாட்டுப்புற ஓவியர்களான பட்டுவாக்களின் படங்களைப் போலத் தன் கலையும் வீட்டுக்கு வீடு இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கு ஒரு விலையும் இருந்தது: எது அவர் கை, எது பட்டறைக் கை, எது போலி என்று பிரித்தறிவது இன்றும் பெரும்பாடாக இருக்கிறது. கொள்கைக்காக ஒரே பாணியில் நிற்பவருக்கு அந்த விலை கட்டுபடியாகும். எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்ற பயத்தில் நிற்பவருக்கு எதற்குக் கட்டுபடியாகும் என்று எனக்குப் புரியவில்லை.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. பேர் தெரியாத இளம் ஓவியர் ஒப்பந்தம் பேசினால், வேலை கொடுப்பவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். பசியில் இருப்பவரிடம் உரிமை பேசுவது எளிது, நடத்துவது கடினம். இதை மறுக்க முடியாது. ஆனால் பேரம் என்பது எல்லாம் அல்லது எதுவுமில்லை என்ற கணக்கில்லை. மெனு அட்டைக்கு மட்டும் என்றால் ஒரு விலை, பதிப்புரிமையோடு என்றால் வேறு விலை என்று இரண்டு தொகை சொன்னால், பெரும்பாலான வாடிக்கையாளர்கள் குறைந்த விலையைத்தான் எடுப்பார்கள்; அவர்களுக்கு முழு உரிமை தேவையும் இல்லை, அதைப் பற்றி யோசித்ததும் இல்லை. தனி ஆளால் முடியாததைக் கூட்டாகச் சாதித்தவர்களும் இருக்கிறார்கள். திரைப்படப் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஒரு காலத்தில் ஓவியர்களைப் போலவே மொத்தமாக எழுதிக்கொடுத்தவர்கள்தாம். ஜாவேத் அக்தர் மாநிலங்களவைக்குப் போய்க் குரல் கொடுத்தார். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், ராயல்டியில் பங்கு பெறும் உரிமையை அவர்களே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்க முடியாதபடி செய்தது. பலவீனமானவர் பேரத்தில் தோற்கக் கூடாது என்பதற்காகவே போடப்பட்ட பூட்டு அது. ஓவியர்களுக்கு அப்படியொன்று வரவில்லை. மறுவிற்பனையில் பங்கு தரும் 53ஏ பிரிவு 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்கப்படும் மூல ஓவியத்தில், அதிகபட்சம் 10 சதவீதம் வரை ஓவியருக்கோ வாரிசுக்கோ கிடைக்கலாம். ஏட்டில் அழகாக இருக்கிறது. கேட்டு வாங்கித்தர வலுவான அமைப்பு இல்லாததால் நடைமுறையில் அது உயிர்பெறவே இல்லை எனலாம். தவிர, முதல் உரிமையாளராக இருக்கும் ஓவியருக்குத்தான் அந்தப் பங்கும். ஒப்பந்தமில்லாமல் கேட்டு வரைந்த படத்துக்கு அதுவும் கிடைக்காது.

மறுவிற்பனையில் பங்கு கேட்க, படம் யாரிடம் இருக்கிறது என்றாவது தெரிய வேண்டும். கேலரிகள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்வதைக் கொள்ளை என்பவர்களோடு நான் உடன்படவில்லை; சுவர், வெளிச்சம், அழைப்பிதழ், விற்காத மாதங்களின் வாடகை எல்லாம் அதில் அடங்கும். கேலரியில் ஒரு விலை, வீட்டில் குறைந்த விலை என்று ஓவியர் விற்பதுதான் நம்பிக்கையைக் கெடுக்கும். ஆனால் வாங்கியவரின் பெயரைக் கேலரி தன்னோடு வைத்துக்கொள்வதற்கு ஓவியர் சம்மதிக்க வேண்டியதில்லை. எந்தப் படம், என்ன அளவு, எந்த ஆண்டு, யாருக்கு, எவ்வளவுக்கு என்று ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால், போலி வரும்போது சாட்சியாகவும், கண்காட்சிக்குப் படத்தை இரவல் கேட்கும்போது முகவரியாகவும் அது நிற்கும். இன்ஸ்டாகிராம் கணக்கு முடங்கினாலும் நோட்டு முடங்காது. எழும்பூரிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவர்களுக்கு இதையெல்லாம் ஒரு பருவம் கற்றுக்கொடுக்கலாம். லலித் கலா அகாடமியின் சென்னை மையமோ ஓவியர் சங்கங்களோ தமிழில் ஒரே பக்கத்தில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அச்சிட்டுத் தரலாம். வழக்கறிஞர் தமிழ் வேண்டாம். சிவகாசி அச்சகத்தாருக்கும் உணவகக்காரருக்கும் படித்தவுடன் புரிய வேண்டும். நாட்காட்டி, மெனு அட்டை, துணிப்பை, இணையம், திரைப்படம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், எத்தனை ஆண்டுகள் என்று எழுத ஓர் இடம், ஓவியர் பெயர் எங்கே அச்சாகும் என்பதற்கு ஒரு வரி, கீழே இரண்டு கையெழுத்து.